இரண்டாம் படி எங்கே?

சென்ற பொங்கலுக்கு என் அக்காள் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு நடுத்தரக் கம்பெனியில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன். பண்டிகை நாளும் அதுவுமாக, வடையைத் தட்டில் ஆறவிட்டுவிட்டு மடிக்கணினியையே முறைத்துக்கொண்டிருந்தான். என்னடா அப்படி என்ன தலைபோகிற வேலை என்று கேட்டேன்.

"எங்க ஃபைல் சர்வரை கிளவுடுக்கு மாத்துறோம் மாமா. பதினஞ்சு வருஷத்து ஃபைல். லீவு நாள்ல ஓடவிட்டாத்தான் உண்டு. இன்னும் பாதிகூடப் போகலை."

"சரி, எல்லாம் போன பிறகு பழைய சர்வரை என்ன செய்வீங்க?"

"அழிச்சுட்டு காயலான் கடைக்குத்தான்."

"அப்போ இரண்டாம் படி?"

"கிளவுடுலதான் இருக்கே மாமா. அவங்க பார்த்துப்பாங்க."

நண்பர்களே, முப்பத்தாறு வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். மேலதிகாரியின் கோபத்துக்கோ தணிக்கைக்காரர்களின் கேள்விக்கோ நான் அதிகம் பயந்ததில்லை. 'அவங்க பார்த்துப்பாங்க' என்ற வார்த்தைக்குத்தான் பயப்படுவேன். அவன் ஊருக்குப் போன பிறகும் அது மனதில் கிடந்து உறுத்தியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நம் வயதுக்காரர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஃபைல் சர்வர் என்றால் பிரிவுக்குப் பொதுவான பீரோ. ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு கணினி இருந்தாலும் கோப்புகள் எல்லாம் ஓர் அறையில் இருக்கும் ஒரு பெரிய கணினியில் கிடக்கும். யாருக்கு எந்த அறை திறக்கும், யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பதற்கெல்லாம் அதில் சாவி உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஹார்டு டிஸ்க் என்பது கொள்ளை விலை. மேசைக்கு ஒன்று வாங்கக் கட்டுப்படியாகாது. ஒன்றை வாங்கிப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொள்ளலாமே என்று பிறந்த யோசனை இது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நாவல் என்ற கம்பெனி 1983-இல் 'நெட்வேர்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே சன் நிறுவனம் தன் இயந்திரங்களுக்கு இதே காரியத்தைச் செய்யும் 'என்.எஃப்.எஸ்.' என்பதை வெளியிட்டது. பிறகு மைக்ரோசாப்ட்டின் விண்டோஸ் என்.டி. வந்து நாவலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரங்கட்டியது.

நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குத் தொண்ணூறுகளின் நடுவில் நெட்வேர் வந்தது. சர்வருக்கு மட்டும் குளிர்சாதனம். எங்களுக்கு மின்விசிறி. கோடையில் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு எல்லோரும் அந்த அறைக்குள் போய் நிற்போம். பொதுப் பீரோவுக்கு 'எஃப் டிரைவ்' என்று பெயர். "எஃப்-ல போட்டுட்டீங்களா?" என்பதுதான் அப்போது பிரிவில் அதிகம் கேட்ட கேள்வி. மேசைகளை எல்லாம் ஒரே கருப்புக் கேபிள் கோத்துக்கொண்டு போகும். வரிசையின் கடைசியில் விரல்நுனி அளவுக்கு ஒரு மூடி இருக்கும். பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தால் அதை இடித்து அது கழன்றுவிட்டால் மாடி முழுக்க வேலை நின்றுவிடும். முதல் வருடத்தில் அந்த அம்மாளைத் திட்டினோம். இரண்டாம் வருடம் முதல் எங்கே கழன்றிருக்கிறது என்பதை அவரே கண்டுபிடித்துச் சொரூகிவிட்டுப் போனார்.

மாலை ஐந்தரைக்கு டேப் போடுவது என் வேலை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கேசட் அது. சர்வரில் இருப்பதெல்லாம் இரவில் அதில் பதிவாகும். அதற்கு ஒரு முறை உண்டு. தினசரி டேப், வார டேப், மாத டேப் என்று மூன்று வகை. ஆங்கிலத்தில் இதைத் தாத்தா-அப்பா-பிள்ளை முறை என்பார்கள். பிள்ளையில் பிழை வந்தால் அப்பாவிடம் போகலாம், அவரும் இல்லையென்றால் தாத்தா. குடும்பம் மாதிரிதான். மாத டேப்பைக் கட்டடத்துக்கு வெளியே வைக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் எங்கே வைத்தோம்? அதே கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்த இரும்புப் பெட்டியில்.

இப்போது சொல்லப்போவதை நான் இதுவரை எழுதியதில்லை.

எங்கள் அலுவலகத்தில் தினக்கூலிகளாக இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களை நிரந்தரமாக்க உத்தரவு வந்தது. சேர்ந்த தேதிப்படி முதுநிலைப் பட்டியல் தயாரிக்க வேண்டும். மஸ்டர் ரோல்களைப் பிரித்துப் பார்த்து, பெயர் பெயராக, தேதி தேதியாக எஃப் டிரைவில் ஏற்றினோம். நாலு மாத வேலை. பட்டியல் முடிகிற வாரத்தில், ஒரு கோடை நாளில், மின்சாரம் போய்ப் போய் வந்ததில் சர்வரின் டிஸ்க் செத்துப்போனது. பரவாயில்லை, டேப் இருக்கிறது என்று தைரியமாகச் சொன்னேன். நேற்றைய டேப்பைப் போட்டோம். ஒன்றும் இல்லை. வார டேப்பிலும் இல்லை. மாத டேப்பிலும் இல்லை. பதிவு செய்யும் தலை அழுக்கேறி, பல மாதங்களாக எதுவுமே சரியாகப் பதிவாகவில்லை. ஒவ்வொரு இரவும் கணினி அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் அதைப் படிக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது, கேசட்டை மாற்றினேன், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கோப்பை டேப்பிலிருந்து எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எங்களைக் காப்பாற்றியது காகிதம். பிரிவில் ஓய்வுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர் கணினியை நம்பாமல் வாராவாரம் அச்செடுத்து ஆபீஸ் காப்பி என்று கட்டிவைத்திருந்தார். அதில் முக்கால்வாசிப் பெயர்கள் கிடைத்தன. மீதிக்கு மறுபடியும் மஸ்டர் ரோல்களை இறக்கினோம். ஒருவருடைய தேதி மட்டும் கிடைக்கவில்லை. முதல்முறை நாங்கள் பிரித்துப் பார்த்தபோதே செல்லரித்து உதிர்ந்துகொண்டிருந்த தாள் அது. இரண்டாம் முறை அங்கே தூள்தான் இருந்தது. கைவசம் இருந்த அடுத்த தாளை வைத்து அவருக்குத் தேதி போட்டார்கள். பதினோரு மாதம் பின்னுக்குப் போயிற்று. அவருக்குப் பிறகு சேர்ந்த ஒன்பது பேர் பட்டியலில் அவருக்கு முன்னால் நின்றார்கள். என் மேசைக்கு வந்து, "சார், நான் அவங்களுக்கு முன்னாடியே வந்தவன்" என்று மட்டும் சொன்னார். எனக்குத் தெரியும். முதல் பட்டியலில் அந்தத் தேதியைத் தட்டச்சு செய்தவன் நானே. ஆனால் என் ஞாபகம் ஆவணம் ஆகாதே. டேப் என் பொறுப்பில் இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு, மேகமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த மேகத்தின் கதை சுருக்கமானதுதான். 2006 மார்ச் மாதம் அமேசான் 'எஸ்-3' என்ற சேவையைத் தொடங்கியது. தன் கிடங்குகளில் உள்ள டிஸ்க்குகளை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், பயன்படுத்துகிற அளவுக்குக் காசு. 2007-இல் இரண்டு அமெரிக்க இளைஞர்கள் 'டிராப்பாக்ஸ்' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். வீட்டுக் கணினியில் ஒரு பெட்டி, அலுவலகக் கணினியில் அதே பெட்டி. ஒன்றில் போட்டால் மற்றதிலும் வந்து விழும். 2012-இல் கூகுள் டிரைவ் வந்தது. மைக்ரோசாப்ட்டின் ஸ்கைடிரைவ், பெயர் வழக்கில் சிக்கி 2014-இல் ஒன்டிரைவ் ஆயிற்று. அதே 2014-இல் நம் மத்திய அரசும் தனக்கென்று ஒரு மேகத்தைத் தொடங்கி அதற்கு 'மேகராஜ்' என்று பெயர் வைத்தது. 2020-இல் கொரோனா வந்து எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகு, அலுவலக அறையில் பூட்டிக் கிடக்கும் பீரோவால் என்ன பயன் என்று சின்னக் கம்பெனிகளும் மாறத் தொடங்கின.

மாறுவதில் நன்மை இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் சர்வர் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை என் மருமகன் நேரில் பார்த்தவன். பெரிய மேகக் கம்பெனிகள் ஒரே கோப்பைப் பல டிஸ்க்குகளில் பிரித்து வைக்கின்றன. ஒரு டிஸ்க் செத்தால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. என்னைப்போல் ஐந்தரைக்கு டேப் போடுகிற ஆளும் வேண்டாம்.

ஆனால் டிஸ்க் சாவது ஒரு வகை இழப்பு. மனிதன் தவறுவது வேறு வகை. மேகப் பெட்டியில் ஒருவர் ஒரு கோப்பை அழித்தால் எல்லோருடைய பெட்டியிலும் அது அழிகிறது. அதுதானே அதன் வேலை. குப்பைத்தொட்டியில் சில நாள் கிடக்கும். கூகுள் டிரைவில் 30 நாள், மைக்ரோசாப்ட்டின் அலுவலகச் சேவையில் 93 நாள். மார்ச் மாதத்தில் தவறி அழிந்த கணக்கை அடுத்த மார்ச்சில் தணிக்கைக்காரர் கேட்டால்? எனக்குத் தெரிந்த வரையில் தணிக்கைக்காரர் எவரும் 93 நாளுக்குள் வந்ததில்லை. மைக்ரோசாப்ட் தன் சேவை ஒப்பந்தத்திலேயே, உங்கள் கோப்புகளுக்கு வேறிடத்தில் தவறாமல் பிரதி எடுத்து வையுங்கள் என்று பரிந்துரைக்கிறது. ஒப்பந்தத்தை யார் படிக்கிறார்கள்? என் பச்சை விளக்கு கதைதான்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இன்றும் காலையில் பிரெஞ்சுச் செய்திகளைப் பார்ப்பது என் பழக்கம். 2021 மார்ச் 10-ஆம் தேதி ஸ்த்ராஸ்பூரில் ஒவேஆஷ் கம்பெனியின் ஐந்து மாடித் தரவு மையம் நள்ளிரவுக்குப் பின் எரிந்த செய்தியை அப்படித்தான் படித்தேன். உயிர்ச்சேதம் இல்லை. லட்சக்கணக்கான இணையதளங்கள் நின்றுபோயின. காப்புப் பிரதி தனக்கும் சேர்த்துத்தான் என்று எண்ணியிருந்த பல வாடிக்கையாளர்களுக்கு, அது தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய சரக்கு என்பது அன்று காலையில்தான் தெரிந்தது. வாங்கியிருந்தவர்களிலும் சிலருக்குப் பிரதி அதே வளாகத்தில் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த எங்கள் இரும்புப் பெட்டி நினைவுக்கு வந்தது.

அதைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது தென்கொரியா. கணினியில் நமக்கெல்லாம் பாடம் எடுக்கிற நாடு. அங்கே 2018 முதல் அரசு ஊழியர்களுக்கு 'ஜி-டிரைவ்' என்று ஓர் அரசாங்க மேகப் பெட்டி. ஆளுக்கு 30 ஜி.பி. இடம். கோப்புகளை அலுவலகக் கணினியில் வைக்காதீர்கள், ஜி-டிரைவில் வையுங்கள் என்று அறிவுறுத்தல். பாதுகாப்புக்காகத்தான். எல்லா அமைச்சகமும் ஒரே அளவுக்குப் பயன்படுத்தவில்லை. ஆனால் அரசுப் பணியாளர் நிர்வாக அமைச்சகம் மட்டும் சொன்ன சொல் தட்டாமல் எல்லாவற்றையும் அதில் வைத்தது.

2025 செப்டம்பர் 26 இரவு. டேஜான் நகரில் அரசின் தேசியத் தகவல் வள மையத்தில், ஐந்தாம் மாடியில், மின்சாரம் நின்றால் கைகொடுக்கிற லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். சர்வர்களுக்குப் பக்கத்தில் பேட்டரி இருப்பது ஆபத்து என்பதால்தான் மாற்றினார்கள். மாற்றும்போதே தீப்பிடித்தது. அணைக்க ஏறக்குறைய 22 மணி நேரம். 709 அரசுக் கணினி அமைப்புகள் நின்றன. 96 நேரடியாக எரிந்துபோயின. அந்த 96-இல் ஜி-டிரைவும் ஒன்று. 858 டெராபைட். மற்ற அமைப்புகளில் பலவற்றுக்கு வேறிடத்தில் பிரதி இருந்தது. ஜி-டிரைவுக்கு இல்லை. அளவு பெரிது, அதற்கு வெளியே பிரதி எடுக்கும்படி அமைப்பு இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம்.

முறையாக ஒப்புதல் பெற்ற அறிக்கைகள் வேறோர் அரசு அமைப்பில் பதிவாகி இருந்ததால் அவை தப்பின என்று செய்தியில் போட்டிருந்தார்கள். படிப்பவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். குமாஸ்தாவுக்கு ஆறுதல் இல்லை. கையெழுத்தான கடிதம் கோப்பின் கடைசித் தாள். அதற்கு முன் நாற்பது தாள் இருக்கும். வரைவு, கணக்கு, யாரோ ஓரத்தில் எழுதிய ஆட்சேபம், பாதியில் நின்ற பட்டியல். 'ஏன் இப்படி முடிவு செய்தார்கள்' என்று பத்து வருடம் கழித்து ஒருவர் கேட்டால் பதில் அந்த நாற்பது தாளில்தான் இருக்கும். எங்கள் முதுநிலைப் பட்டியலும் அன்று கையெழுத்தாகாத வரைவுதானே? ஏழெட்டு வருட வேலை ஒரே இரவில் போன அந்த ஊழியர்களை நினைத்துப் பார்த்தேன். இதில் எனக்கு உறைத்தது என்னவென்றால், சொன்ன விதியை ஒழுங்காகப் பின்பற்றிய அமைச்சகம்தான் அதிகமாக இழந்தது. அறிவுறுத்தலைச் சட்டை செய்யாமல் தன் கணினியிலும் ஒரு படி வைத்திருந்த சோம்பேறி தப்பித்தான்!

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு அது சொந்தக் கதை.

1776 ஜூன் மாதம் பதினாறாம் லூயி மன்னன் ஓர் ஆணை பிறப்பித்தான். பிரெஞ்சுக் காலனிகளில் எழுதப்படும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பதிவேடுகளுக்கும், நோத்தேர் எழுதும் பத்திரங்களுக்கும், நீதிமன்றத் தீர்ப்புகளுக்கும் இன்னொரு படி எழுதி, கப்பலேற்றி, வெர்சாய் நகருக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதற்கென்றே ஒரு காப்பகம். பதினைந்து வருடம் முன்னால்தான், 1761-இல், ஆங்கிலேயர் நம் ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். ஆணை வந்து இரண்டே வருடத்தில், 1778-இல், மறுபடியும் பிடித்தார்கள். போதாக்குறைக்குக் கரையான், புயல், கடற்காற்றின் ஈரம். ஊரில் உள்ள ஒரே படியை நம்ப முடியாது என்பதை அரண்மனையில் உட்கார்ந்திருந்தவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

அந்த ஆணையில் எனக்குப் பிடித்தது, இரண்டாம் படி எழுதுவது யார் வேலை என்பதை அது சொல்லிவிட்டது. பதிவேட்டை வைத்திருப்பவனே படியும் எழுத வேண்டும். 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று விடவில்லை. அப்படி எழுதிய படிகள் வெர்சாயிலிருந்து பாரிசுக்குப் போய், இப்போது தென்பிரான்சில் எக்ஸ் நகரின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பிற்காலத்து எத்தா சிவீல் பதிவுகளுக்கு நாந்த். நம் ஊரில் நாந்த் என்றால் எது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் தெருவில் ஒரு சொல்தாவின் விதவை பென்ஷனுக்காக அலைந்தார். இங்கே பதிவேட்டில் அவருடைய திருமணப் பக்கம் கரையானுக்கு இரையாகியிருந்தது. பிரெஞ்சில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து நாந்திலிருந்து நகல் வந்தது. அந்த அம்மாள் அதை என்னிடம் காட்ட வந்தபோது, மடிக்காமல், ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார்.

2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் இடிந்து விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் போய்ப் பார்த்தேன். கூட்டத்தில் என் பக்கத்தில் நின்ற, எனக்கும் மூத்த ஒருவர் கட்டடத்தின் அழகைப் பற்றிப் பேசவில்லை. "உள்ள ரெஜிஸ்தர் ஏதாச்சும் இருந்துச்சா?" என்றுதான் கேட்டார். அவரும் குமாஸ்தாவாக இருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் மருமகனிடம் தொலைபேசியில் அரை மணி நேரம் சொன்னேன். அவன் நடுநடுவே "ம்" என்றான். லூயி மன்னன் வந்த இடத்தில் கொஞ்சம் சிரித்தான் என்று நினைக்கிறேன். கொரியா விஷயத்தை அவன் முன்பே படித்திருந்தான், ஆனால் தன் கம்பெனியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. தினக்கூலிக்காரர் கதையைச் சொன்னபோது மட்டும் எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு, "அவரு பேரு இன்னும் ஞாபகம் இருக்கா மாமா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன்.

போன மாதம் அவனே கூப்பிட்டான். கோப்புகள் எல்லாம் மேகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டனவாம். பாதி நாள் ஃபைல்களின் பெயரைச் சுருக்குவதிலேயே போயிற்றாம். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'நிஜமான ஃபைனல்' என்று ஒரே கொட்டேஷனுக்கு ஏழு கோப்பு இருந்ததாம். பழைய சர்வர் காயலான் கடைக்குப் போகவில்லை. அதில் வாரம் ஒருமுறை மேகத்திலிருந்து ஒரு பிரதி இறங்குகிறது. அதுதவிர மாதம் ஒருமுறை ஒரு டிஸ்க்கில் எடுத்து, முதலாளியின் வீட்டில் கொடுத்துவிடுகிறான். வேறு கட்டடம், வேறு தெரு. இந்த வேலை இவனுடையது, இவன் லீவில் போனால் இன்னாருடையது என்று எழுதி முதலாளியிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டான்.

"சரி, எடுத்துப் பார்த்தியா?" என்றேன்.

"ஒவ்வொரு மாசமும் முதல் சனிக்கிழமை ஏதாவது ஒரு ஃபைலை டிஸ்க்குலேர்ந்து எடுத்துப் பார்க்கிறேன் மாமா. இந்த மாசம் 2011 கேன்டீன் டோக்கன் கணக்கு."

"திறந்துச்சா?"

"திறந்துச்சு மாமா. அந்த வருஷம் காபி நாலு ரூபா."